பேச்சுக் கேட்காத படகு

‘பிளைவுட்டில் நானே ரிமோட் படகு செய்தேன். நேராக விட்டால் இடப்பக்கம் இழுக்கிறது. வலப்பக்கம் திருப்பினால் குளத்தையே சுற்றிக்கொண்டு வருகிறது. கரையில் மோதிவிடுமோ என்று வேகத்தைக் குறைத்தால் திரும்பவே மாட்டேன் என்கிறது. ஜைரோ வாங்கி மாட்டினால் சரியாகுமா?’ என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகர்.

இப்போதைக்குப் பர்ஸைத் திறக்காதீர்கள். படகு திசை மாறுவதை உணர்ந்து சுக்கானை எதிர்ப்பக்கம் தட்டிவிடுவதுதான் ஜைரோவின் வேலை. சுக்கானுக்கே பிடிமானம் இல்லாத படகில் அது தட்டி என்ன ஆகப்போகிறது?

சுக்கான்தான் படகைத் திருப்புகிறது என்று நினைக்கிறோம். அது பாதி உண்மை. சுக்கான் செய்வதெல்லாம் படகின் பின்புறத்தை ஒரு பக்கமாக ஒதுக்குவதுதான். வலப்பக்கம் போக வேண்டுமானால் பின்புறம் இடப்பக்கம் ஒதுங்கும். படகு தான் போய்க்கொண்டிருந்த திசைக்குச் சற்றே குறுக்காக நிற்கும். ஆனால் ஓட்டம் இன்னும் பழைய திசையில்தான். அதனால் தண்ணீர் படகின் இடப்பக்க விலாவில் வந்து மோதும். பாதையை வலப்பக்கமாக வளைப்பது இந்த மோதல்தான். சுக்கான் ஆரம்பித்து வைக்கிறது, பாரத்தைச் சுமப்பது படகின் உடம்பு.

இன்னொரு வேடிக்கை, ஓடும் படகு தன் நடுவை மையமாக வைத்துச் சுழல்வதில்லை. அந்த மையம் மூக்கிலிருந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் இருக்கும். காய்கறித் தள்ளுவண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். வியாபாரி கைப்பிடியை இடப்பக்கம் தள்ளினால் வண்டியின் முகம் வலப்பக்கம் திரும்பும். பூசணிக்காய்களை எல்லாம் முன்னால் அடுக்கினால், லேசாகத் தள்ளினாலே பின்பக்கம் வீசிக்கொண்டு போகும், நிறுத்துவதுதான் பாடு. கைப்பிடிக்குப் பக்கத்தில் குவித்தால் வண்டி நேராகப் போகும், திருப்பத்தான் மூச்சு வாங்கும். உங்கள் படகில் பேட்டரிதான் பூசணிக்காய். சுக்கானை அசைக்கும் சர்வோ தக்காளி, கொஞ்சம் கவனித்து வைத்தால் போதும். ரிமோட்டின் சொல்லை வாங்கும் ரிசீவர் கொசுறாகக் கிடைக்கும் கறிவேப்பிலை, எங்கே செருகினாலும் எடையில் வித்தியாசம் தெரியாது.

ஆகவே பேட்டரியைப் பசை போட்டு ஒட்டாதீர்கள். வெல்க்ரோ பட்டையில் வைத்து, ஒவ்வொரு சென்டிமீட்டராக நகர்த்திப் பாருங்கள். குளத்தைச் சுற்றி வரும் படகுக்குப் பெரும்பாலும் பின்பாரம் அதிகம். வேகத்தில் மூக்கு மேலும் கீழுமாகக் குதித்தால் சந்தேகமே வேண்டாம், பேட்டரி முன்னால் போக வேண்டும். ரொம்பவும் தள்ளிவிட்டால் மூக்கு தண்ணீரைக் குத்தும், படகு ஒரு திருப்பத்திலேயே சுழன்று நிற்கும்.

இடப்பக்க இழுப்புக்குக் காரணம் வேறு. மோட்டாரை நிறுத்திவிட்டுப் படகைச் சும்மா மிதந்து போக விடுங்கள். அப்போதும் வளைந்தால் அடிப்பாகம் முறுக்கியிருக்கிறது, அல்லது சுக்கான் நடுவில் இல்லை. நேராகப் போனால் குற்றவாளி புரொப்பல்லர். சின்னப் படகுகளில் அதன் தண்டு பின்னோக்கிக் கீழே சரிந்திருக்கும். பின்னாலிருந்து பார்க்கும்போது கடிகார முள் திசையில் சுழலும் புரொப்பல்லரில், வலப்பக்கம் கீழிறங்கும் இதழ் தண்ணீரை அதிகச் சாய்வில் வெட்டுகிறது, அதிகமாகத் தள்ளுகிறது. மூக்கு இடப்பக்கம் போகிறது. போதாததற்கு, சுழற்சியின் எதிர்விளைவால் படகும் இடப்பக்கம் சாயும். பேட்டரியைத் துளி வலப்பக்கம் நகர்த்தினால் சாய்வு சரியாகும், மிச்ச இழுப்பை ரிமோட்டில் உள்ள ட்ரிம் குமிழ் பார்த்துக்கொள்ளும். பெரிய மோட்டார் போட்டால் எல்லாம் சரியாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், இழுப்புதான் கூடும்.

வேகத்தைக் குறைத்ததும் திரும்பாததில் மர்மமே இல்லை. சுக்கானின் விசை, அதன் மேல் பாயும் நீரின் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். வேகம் பாதியானால் விசை கால்வாசி. மோட்டாரை அணைத்தால் புரொப்பல்லர் பீய்ச்சும் நீரும் நின்றுபோகும். கரை நெருங்கும்போது பதறி மோட்டாரை அணைக்காதீர்கள், திருப்பம் முடியும்வரை கொஞ்சம் வேகம் கொடுத்துக்கொண்டே இருங்கள்.

வரலாறு கேட்பவர்களுக்கு: 1898இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நிகோலா டெஸ்லா ரேடியோ படகை ஓட்டிக் காட்டினார், அதே ஆண்டு காப்புரிமையும் பெற்றார். இந்தக் கண்டுபிடிப்பின் அழிவு ஆற்றலுக்கு அஞ்சி நாடுகளுக்கிடையே நிரந்தர அமைதி வரும் என்று அந்தக் காப்புரிமையிலேயே எழுதியும் வைத்தார். கருவியைவிடப் பேச்சு பெரிதாக இருப்பது நம் காலத்து வியாதி மட்டுமல்ல.

சுக்கானை அதிகக் கோணத்தில் திருப்பும் ஆசை கடைசியாக வரட்டும். கப்பல்களிலேயே வழக்கமான எல்லை 35 டிகிரிதான். அதைத் தாண்டினால் நீரோட்டம் சுக்கானைவிட்டுப் பிரிந்து, சுக்கான் வெறும் பிரேக் ஆகிவிடும். எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றி, படகு சரியாகிவிட்டால், எதனால் சரியானது என்பது உங்களுக்கும் தெரியாது.