625001: மதுரை பின்கோடுக்குள் இவ்வளவு கணக்கா?

மதுரைக்குத் தபாலோ பார்சலோ அனுப்புகிறவர்களுக்கு 625001 பழகிய எண். ஆனால் 'ஆறு லட்சத்து இருபத்தைந்தாயிரத்து ஒன்று' என்று இதை யாரும் படிப்பதில்லை. ஆறு, ரெண்டு, அஞ்சு என ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். ஒரு முழு எண்ணாக எடுத்துப் பார்த்தால், இதற்குள் சுவாரஸ்யமான கணக்குகள் இருக்கின்றன.

பின்கோடு முறை 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்தது. உருவாக்கியவர் அஞ்சல் துறை அதிகாரி ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர். முதல் இலக்கமான 6, தமிழ்நாடு, கேரளா பக்கத்தைக் குறிக்கும். முதல் மூன்றும் சேர்ந்து தபால் பிரிக்கும் வட்டாரத்தைச் சொல்லும். கடைசி மூன்று, அஞ்சலகத்துக்கு உரியவை. 625 மதுரைக்கு மட்டுமல்ல, தேனிக்கும் சேர்த்துத்தான்.

விட்டுப்போகாத 625

25-ஐ 25-ஆல் பெருக்கினால் 625. அந்த 625-ஐ அதே எண்ணால் பெருக்கினால் 3,90,625. கடைசியில் மறுபடியும் 625! எத்தனை முறை 625-ஆல் பெருக்கினாலும் அந்த வால் மாறாது. மூன்று இலக்க எண்களில் இந்தக் குணம் உள்ள இன்னொரு எண் 376 மட்டுமே. இரண்டையும் கூட்டுங்கள்: 1001.

1001 தரும் குறுக்குவழி

7 × 11 × 13 = 1001. இதை வைத்து எந்தப் பின்கோடையும் நொடியில் சோதிக்கலாம். எண்ணை மும்மூன்று இலக்கமாக இரண்டாகப் பிரியுங்கள். பெரியதிலிருந்து சிறியதைக் கழியுங்கள். விடை 7, 11, 13 இவற்றில் எதனால் மீதியின்றி வகுபடுகிறதோ, முழு எண்ணும் அதனால் வகுபடும்.

* மதுரை 625001: 625 − 1 = 624. இது 13 × 48.
* தல்லாகுளம் 625002: 625 − 2 = 623. இது 7 × 89.
* வாடிப்பட்டி 625218: 625 − 218 = 407. இது 11 × 37.

காரணம் எளிது. 625001 என்பது 625 × 1001-லிருந்து 624 குறைவு. முதல் பகுதி 13-ஆல் வகுபடும், 624-ம் வகுபடுகிறது. முழுதாகப் பிரித்தால் 625001 = 13 × 131 × 367. மூன்றுமே பகா எண்கள். உங்கள் ஊர்ப் பின்கோடையும் குழந்தைகளிடம் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்களேன்!

ஒரு இலக்கம் மாறினால்?

ஆதார் எண்ணில் 12 இலக்கங்கள். கடைசி இலக்கம், முன்னால் உள்ள 11 இலக்கங்களிலிருந்து கணக்கிட்டுப் போடப்படுவது. நெதர்லாந்துக் கணித அறிஞர் யாகோபஸ் வெர்ஹூஃப் 1969-ல் வெளியிட்ட முறை இது. ஒரு இலக்கம் தவறினாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும், 'இப்படி ஒரு எண் இருக்க முடியாது' என்று கணக்கே காட்டிக்கொடுத்துவிடும்.

பின்கோடுக்கு அந்தக் காவல் இல்லை. 625001-ல் மூன்றாவது இலக்கத்தைத் தவறாக அடித்தால், அதுவும் சரியான எண்ணாகவே இருக்கலாம். 624001 திண்டுக்கல், 626001 விருதுநகர், 627001 திருநெல்வேலி. அம்மாவுக்கு அனுப்பிய மருந்தோ, பிள்ளையின் சான்றிதழோ வேறு ஊருக்குப் போய்த் திரும்புவதற்குள் நாட்கள் ஓடிவிடும்.

அதனால் அடுத்த முறை முகவரியை அனுப்புவதற்கு முன், அந்த மூன்றாவது இலக்கத்தை மட்டும் இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள்.