வெயிலுக்கு முந்திக்கொள்ளும் புங்கம்

வாசலில் ஒரே ஒரு நிழல்மரத்துக்குத்தான் இடம் என்றால், நான் புங்கத்தைத்தான் சொல்வேன். இலையுதிர்க்கும் மரம் கோடையில் எப்படி நிழல் தரும் என்று கேட்பார்கள். புங்கம் மாசி, பங்குனியிலேயே பழைய இலையைக் கொட்டிவிடும். மொட்டையாக நிற்பது கொஞ்ச நாள்தான். உடனே செம்பு கலந்த இளம்பச்சையில் துளிர்விட்டு, கத்திரி வெயில் பிறக்கும் முன்னே குடையாக அடர்ந்துவிடும்.

சித்திரை, வைகாசியில் பூ. வெள்ளையும் இளஞ்சிவப்புமாகக் கொத்துக்கொத்தாய் மலர்ந்து, விடியும்போது தரையெல்லாம் உதிர்ந்து கிடக்கும். சங்கப் புலவர்கள் அதைப் பொரியோடு ஒப்பிட்டார்கள். அதைவிடப் பொருத்தமாக இன்றும் சொல்ல முடியாது. தேனீக்களுக்கு அப்போது திருவிழா.

ஆற்றங்கரையிலும் கடலோரத்திலும் தானாக வளர்கிற மரம் என்பதால் உவர்மண்ணும் சில நாள் தேங்கும் நீரும் அதற்குப் பொருட்டல்ல. ஆணிவேர் ஆழமாக இறங்குவதால் வறட்சியையும் தாங்கும். அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. வேர்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கிறது. தெருவுக்கும் இப்படி மண்ணுக்கேற்ற மரம்தான் வேண்டும். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது குல்மொஹர் போன்ற வெளிநாட்டு மரங்கள் ஏராளமாகச் சாய்ந்தன. அழகை மட்டும் பார்த்துத் தெருமரம் தேர்ந்தெடுப்பது தவறு என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இலையில் வெள்ளைக் கோடும் திட்டும் தெரிந்தால் பயப்பட வேண்டாம். இலைக்குள் துளைத்துத் தின்னும் சிறு புழுவின் வேலை அது, மரம் சாகாது. விதையில் ஏறத்தாழ 30 சதவீதம் எண்ணெய் உண்டு. விளக்கெரிக்க, சோப்புக் காய்ச்ச, பூச்சிவிரட்டிக்கு உதவும். சாப்பிட மட்டும் ஆகாது. பிண்ணாக்கு நல்ல உரம்.

முற்றிப் பழுப்பேறிய காயை உடைத்து, விதையை ஓர் இரவு ஊறவைத்துப் பையில் ஊன்றினால் இரண்டு மூன்று வாரத்தில் முளைக்கும். பழைய விதை வேண்டாம், முளைப்புத்திறன் குறைந்துவிடும். மழைக்காலத் தொடக்கத்தில், சுவரிலிருந்து பதினைந்தடியாவது தள்ளி நடுங்கள். தாழ்வாகக் கிளைக்கும் குணமுள்ளது. தெருவோரமானால் ஆளுயரத்துக்குக் கீழே வரும் கிளைகளை இளசிலேயே கழித்துவிடுங்கள். முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். தூரைச் சுற்றி மட்டும் சிமென்ட் பூசிவிடாதீர்கள். கொட்டுகிற சருகை அங்கேயே போட்டு மூடுங்கள்.