கல்யாணத்துக்கு முன்னாடி ‘ஸ்மைல் டிசைனிங்’ பண்ணப் போறீங்களா? பல்லைத் தேய்க்கிறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

அம்பத்தூரிலிருந்து ஆவடி, பூந்தமல்லி வரை மெயின் ரோட்டில் போனால், பல் கிளினிக் போர்டுகளில் ‘ஸ்மைல் டிசைனிங்’ என்ற வார்த்தை கண்ணில் படாமல் இருக்காது. முகூர்த்த சீசன் வந்தால் பேஷியல், ஹேர் கலர் மாதிரி இதையும் ஒரு ஐட்டமாகச் சேர்த்துக்கொள்கிறார்கள். ஆனால் பேஷியல் ஒரு வாரத்தில் போய்விடும். தேய்த்த பல் திரும்பி வராது.

ஸ்மைல் டிசைனிங் என்றால் என்ன?

அது ஒரே சிகிச்சையின் பெயர் இல்லை. க்ளீனிங், ஒயிட்னிங், பாண்டிங், வெனீர், க்ளிப், ஈறு திருத்தம் என்று பலதும் சேர்ந்த பொதுப்பெயர். உங்களுக்கு இதில் எது தேவை என்பதுதான் கேள்வி. டீ, காபி, புகையிலைக் கறை என்றால் பெரும்பாலும் க்ளீனிங்கே போதும். க்ளீனிங் பண்ணினால் பல் ஆடும் என்பது கட்டுக்கதை. காரை படிந்து எலும்பு ஏற்கெனவே கரைந்திருந்தால், காரையை எடுத்ததும் ஆட்டம் வெளியே தெரியும். அவ்வளவுதான்.

ஒயிட்னிங் எப்படி வேலை செய்கிறது?

ஹைட்ரஜன் பெராக்சைடு அல்லது கார்பமைடு பெராக்சைடு ஜெல், எனாமலுக்குள் போய் நிறமிகளை உடைக்கிறது. சில நாள் கூச்சம் இருக்கலாம். நிறமும் நிரந்தரம் இல்லை. ஏற்கெனவே போட்ட கேப், ஃபில்லிங் இதில் வெளுக்காது. இதைச் சொல்லாமல் செய்துவிட்டால், சிரிக்கும்போது பழைய கேப் மட்டும் தனியாகத் தெரியும். ஐரோப்பிய யூனியனில் 0.1 சதவீதத்துக்கு மேல் பெராக்சைடு இருக்கும் ஒயிட்னிங் பொருளைக் கடையில் நேரடியாக விற்க முடியாது. 6 சதவீதம் வரை பல் டாக்டர் வழியாகத்தான். பார்லரில் ஒயிட்னிங் பண்ணிக்கொள்பவர்கள் இதை யோசிக்கணும்.

வீட்டில் எலுமிச்சை, கரித்தூள் வைத்துத் தேய்ப்பது இதைவிட மோசம். எனாமல் கரைந்தால் அடியில் இருக்கும் மஞ்சள் டென்டின் தெரிய ஆரம்பிக்கும். வெளுக்க நினைத்த பல் இன்னும் மஞ்சளாகிவிடும்.

பழுப்புக் கறை போகவே மாட்டேங்குதா?

அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வந்த வெளி மாவட்டத்துக்காரர்கள் பலர். அதில் தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் வளர்ந்தவர்கள் சிலருக்குப் பல்லில் பழுப்புத் திட்டு இருக்கும். சரியாகப் பல் தேய்க்காததால் வந்தது இல்லை அது. நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அதிகம். பல் உருவாகும் சின்ன வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்ததால் எனாமலிலேயே பதிந்த கறை. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். இதற்காகவே கொண்டுவரப்பட்டது ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். இந்தக் கறைக்கு வெறும் ஒயிட்னிங் போதாது. சில நேரம் வெள்ளைத் திட்டு இன்னும் எடுப்பாகத் தெரியும். லேசான கறை என்றால் மேல்பரப்பை மெல்லிசாகச் சுரண்டும் மைக்ரோ அப்ரேஷனைக் கேட்டுப் பாருங்கள். நேரா வெனீருக்குப் போக வேண்டியதில்லை.

வெனீர் போட்டால் திரும்ப முடியுமா?

முடியாது. பீங்கான் வெனீருக்காகப் பொதுவாக அரை மில்லிமீட்டர் அளவுக்கு எனாமலைத் தேய்ப்பார்கள். எனாமலில் உயிரணு கிடையாது, மறுபடி வளராது. வெனீர் 10, 15 வருஷம் உழைக்கலாம், அப்புறம் மாற்றணும். 25 வயதில் போட்டால் 60 வயதுக்குள் எத்தனை முறை என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எத்துப்பல், கோணல் பல்லுக்கு நல்ல பல்லைத் தேய்த்து கேப் போடுவதைவிட க்ளிப் போடுவதே மேல். ஒன்றரை வருஷம் ஆகும்தான். தேதி குறித்த பிறகு வந்தால் டாக்டரால் அவசரத்துக்குத்தான் வழி சொல்ல முடியும்.

கிளினிக்கில் எதைப் பார்க்கணும்?

2023-ல் வாணியம்பாடியில் ஒரு பல் கிளினிக்கோடு தொடர்புடைய மூளைத் தொற்றில் 8 பேர் இறந்தார்கள். ஸ்டெரைல் செய்யாத கருவியால் திறந்த சலைன் பாட்டிலை, அடுத்தடுத்த நோயாளிகளுக்குப் பயன்படுத்தியதே காரணமாக இருக்கலாம் என 2025-ல் வெளியான ஆய்வு சொன்னது. அழகு சிகிச்சைக்குப் போனாலும் வாய்க்குள் போவது அதே கருவிகள்தான். ஆட்டோகிளேவ் இருக்கா, கருவி பாக்கெட்டை உங்க முன்னாடி பிரிக்கிறாங்களா, டாக்டர் தமிழ்நாடு பல் மருத்துவ கவுன்சிலில் பதிவு பண்ணியவரா என்று கேளுங்கள். கேட்டால் கோபப்படும் இடத்தில் வாயைத் திறக்க வேண்டாம்.

செகண்ட் ஒப்பீனியனுக்கு எங்கே போகலாம்?

வேலப்பன்சாவடி, மதுரவாயல், முகப்பேர் என்று பூந்தமல்லியைச் சுற்றியே தனியார் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அரசு பல் மருத்துவக் கல்லூரி, கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே. ஆவடி, அம்பத்தூரிலிருந்து லோக்கல் ட்ரெயினில் சென்ட்ரல் வந்து, பார்க் ஸ்டேஷனில் மாறினால் அடுத்த நிறுத்தம் கோட்டை. பழைய எக்ஸ்ரே இருந்தால் கையோடு எடுத்துட்டுப் போங்க.