பாட்டியின் முத்துத் தோடும் கடல் தண்ணீரும்

பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்த ஜோரில், பாட்டி கொடுத்த முத்துத் தோட்டையும் எலுமிச்சைச் சாற்றில் ஊறப் போட்டுவிட்டார் என் சகதர்மிணி. நல்லவேளை, சாம்பிளுக்கு ஒன்றுதான்! மறுநாள் எடுத்துப் பார்த்தால், பளபளப்பு போன இடம் தெரியவில்லை. தூத்துக்குடியில் ஓர் ஆசாரியிடம் காட்டினோம்.

"ஏம்மா, கல்லுன்னு நெனச்சீங்களாக்கும்? இது சிப்பிக்குள்ள வெளஞ்சதும்மா. புளிப்பு பட்டா கரையத்தானே செய்யும்? வேர்வை பட்டாலே தொடச்சு வைக்கணும்!"

அட்சர சுத்தமான கெமிஸ்ட்ரி! முத்தில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புக் கல்லுக்கு ஒன்றுவிட்ட தங்கை. அமிலம் பட்டால் கரியமில வாயுவை விட்டுக் கரையும். கிளியோபாட்ரா ஒரு முத்தை வினிகரில் கரைத்துக் குடித்ததாக ரோமானிய எழுத்தாளர் பிளைனி எழுதியிருக்கிறார். 2010-ல் ஓர் அமெரிக்கப் பேராசிரியை இதைச் சோதித்துப் பார்த்தார். கரைந்தது... ஆனால் ஒரு கிராம் முத்துக்கு ஒரு நாளுக்கு மேல் ஆயிற்று. ஆன்டனி அதுவரை பசியோடு உட்கார்ந்திருந்தாரா, தெரியாது!

அமிலமா, காரமா என்று பார்க்க லேப் எதற்கு? ஆரத்தித் தட்டு போதும். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு விழுந்ததும் சிவக்கிறதே, அது காரம். எலுமிச்சை பிழிந்தால் மறுபடி மஞ்சள். இதையே எண்ணால் அளக்க 1909-ல் டென்மார்க்கின் ஸோரன்ஸன் கொண்டுவந்ததுதான் பி.ஹெச். 7 என்றால் நடுநிலை. கீழே அமிலம், மேலே காரம். கடல் நீர் சராசரியாக 8.1. அதாவது, காரம். அதனால்தான் சிப்பி அதற்குள் நிம்மதியாக ஓடு கட்டுகிறது.

ஆனால் கடலுக்குள் ஒரு ரகசியக் கணக்கு நடக்கிறது. காற்றிலிருக்கும் கரியமில வாயு தண்ணீரில் கரைந்து கார்பானிக் அமிலமாகிறது. சோடா பாட்டில் சமாச்சாரம்தான். அது ஒரு ஹைட்ரஜன் அயனியை உதறிவிட்டு பைகார்பனேட் ஆகிறது. உதறப்பட்ட ஹைட்ரஜன் சும்மா இருக்குமா? பக்கத்திலிருக்கும் கார்பனேட்டைப் பிடித்து அதையும் பைகார்பனேட் ஆக்குகிறது. இதெல்லாம் ஒருவழிப் பாதையும் அல்ல. பஸ் ஸ்டாண்டில் வருகிறவர்களும் போகிறவர்களும் சரிசமமாக இருந்தால் கூட்டம் அப்படியே தெரியுமே, அதுதான் அயனிச் சமநிலை. வாயு கூடினால் கணக்கு சாய்ந்துவிடும்.

சிப்பி ஓடு கட்டத் தேவைப்படுவது கார்பனேட். ஆக, காற்றிலிருந்து கார்பன் வரவு கூடக்கூட, கார்பனேட் கையிருப்பு குறைகிறது! தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்கு இருந்த கரியமில வாயு, இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. கடலின் பி.ஹெச். 8.2-லிருந்து 8.1. 'பூ, இவ்வளவுதானா?' என்று தோன்றும். பி.ஹெச். ஒரு படி இறங்கினால் ஹைட்ரஜன் அயனி பத்து மடங்கு என்பதால், இந்தச் சின்ன இறக்கத்துக்கே 26 சதவிகிதம் கூடுதல். கடல் இன்னும் அமிலமாகவில்லை. அந்தப் பக்கம் சாய்கிறது, அவ்வளவுதான்.

தூத்துக்குடியில் கடைசியாகப் பெரிய முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அது நின்றதற்கு பி.ஹெச். மேல் பழி போட வேண்டாம், பார்களில் சிப்பி சேரவில்லை. 1973-ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் இங்கேயே வளர்ப்பு முத்தை உண்டாக்கிக் காட்டினார்கள். வளர்த்தாலும் அதே தண்ணீரில்தானே வளர்க்க வேண்டும்?

ஆசாரி தோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முத்து வெங்காயம் மாதிரி, அண்ணாச்சி. அடுக்கடுக்கா இருக்கும். மேல் அடுக்கை எடுத்தா உள்ளே பளபளப்பு இருந்தாலும் இருக்கும். ஆனா சின்னதாயிரும்."

"அப்படின்னா இன்னொண்ணையும் அதே சைஸுக்கு உரிச்சிடுங்க" என்றார் சகதர்மிணி.