90,000 ரூபாய் லாபம், மூணு பேர், மூணு விடை: ஏழாம் வகுப்பு விகிதக் கணக்கு உங்க சம்பளத்துல எங்கே இருக்கு?



மார்ச் கணக்கு முடிஞ்ச கையோடு ஒரு நாள் சாயங்காலம் மூணு நண்பர்கள் என் ஆபீசுக்கு வந்தாங்க. மூணு பேருமே பனியன் கம்பெனியில் மாசச் சம்பளக்காரங்க. ஒருத்தர் குவாலிட்டி, ஒருத்தர் மெர்ச்சண்டைசர், இன்னொருத்தர் அக்கவுண்ட்ஸ். வேலையை விடாமலேயே சேர்ந்து ஒரு சின்ன செக்கிங், அயர்னிங் ஜாப் ஒர்க் யூனிட் ஆரம்பிச்சிருக்காங்க. முதல் வருஷ லாபம் 90,000 ரூபாய்.

போட்ட முதல் இப்படி: குவாலிட்டிக்காரர் 2 லட்சம், மெர்ச்சண்டைசர் 3 லட்சம், ரெண்டும் முழு 12 மாசம். அக்கவுண்ட்ஸ்காரர் 5 லட்சம் போட்டார், ஆனா ஆறு மாசம் கழிச்சுத்தான் உள்ளே வந்தார். பத்திரம் எதுவும் எழுதலை. "ஃப்ரெண்ட்ஸுக்குள்ள எதுக்குங்க பத்திரம்?"

ஆளுக்கு ஒரு கணக்கோடு வந்து, "ஆடிட்டர் சார், யார் கணக்கு சரின்னு நீங்களே சொல்லுங்க"ன்னு கேட்டாங்க. வேடிக்கை என்னன்னா, மூணு பேர் போட்ட பெருக்கல், வகுத்தல் எல்லாமே சரி. ஆனா விடை மூணும் வேற வேற. அந்த விடையைக் கடைசியில் சொல்றேன். அதுக்கு முன்னாடி, ஏழாம் வகுப்பில் படிச்சு மறந்த மூணு வகைக் கணக்கை உங்க சம்பள ஸ்லிப்பை வெச்சே பார்த்துடலாம்.

முதல்ல ஒரே ஒரு கேள்வி

விகிதக் கணக்கு எதைத் தொட்டாலும், பேனாவை எடுக்கும் முன் இதைக் கேளுங்க: "இது ரெண்டு மடங்கானா அது என்ன ஆகும்?"

- அதுவும் ரெண்டு மடங்கானா, நேர் விகிதம். வகுத்து வர்ற எண் மாறாது.
- அது பாதியானா, எதிர் விகிதம். பெருக்கி வர்ற எண் மாறாது.
- மொத்தம் ஒண்ணுதான், அதைப் பலருக்குப் பிரிக்கணும்னா, விகிதப்படி பங்கு பிரிக்கிறது. பங்குகளைக் கூட்டி, ஒரு பங்கு எவ்வளவுன்னு கண்டுபிடிச்சு, பெருக்கணும்.
- இதில் எதுவுமே இல்லைன்னா, அது விகிதக் கணக்கே இல்லை. நிறையப் பேர் பணம் விடுறது இந்த நாலாவது இடத்துலதான்.

நேர் விகிதம்: 26-ஆ, 30-ஆ?

உங்க சம்பளம் மாசம் 18,200 ரூபாய்னு வெச்சுக்குவோம். மூணு நாள் சம்பளமில்லா லீவு. எவ்வளவு பிடிப்பாங்க? லீவு ரெண்டு மடங்கானா பிடித்தமும் ரெண்டு மடங்கு. சந்தேகமே இல்லை, நேர் விகிதம். ஆனா ஒரு நாள் சம்பளம் எவ்வளவு?

30-ஆல் வகுத்தா ஒரு நாளைக்கு 606.67, மூணு நாளைக்கு 1,820 ரூபாய்.
26-ஆல் வகுத்தா ஒரு நாளைக்கு 700, மூணு நாளைக்கு 2,100 ரூபாய்.

280 ரூபாய் வித்தியாசம். கணக்கு முறை ஒண்ணுதான், அடியில் இருக்கிற எண்தான் வேற. நேர் விகிதத்தில் தப்பு வர்றது பெரும்பாலும் இங்கேதான். உங்க கம்பெனி எதை வெச்சு வகுக்குதுன்னு அப்பாயின்ட்மென்ட் ஆர்டரிலோ எச்ஆர் பாலிசியிலோ பாருங்க. லீவு பிடிக்கும்போது 26, மிச்ச லீவுக்குப் பணம் கொடுக்கும்போது 30-னு இருந்தா, ஏன்னு கேட்கிறதில் தப்பே இல்லை.

இதே கேள்வி உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கு, அதுவும் ஒரு மில் கேஸ்ல. பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி, ஒரு வருஷ வேலைக்கு 15 நாள் சம்பளம். அந்த 15 நாளை எப்படிக் கணக்கு பண்றது? மாசச் சம்பளத்தில் பாதியா, இல்லை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கணுமா? 1980-ல் ஸ்ரீ திக்விஜய் வுல்லன் மில்ஸ் வழக்கில் 26-ஆல் வகுக்கிற முறையை உச்ச நீதிமன்றம் ஏத்துக்கிச்சு. வாரத்தில் ஒரு நாள் லீவு போக, மாசத்தில் வேலை செய்றது 26 நாள்தானேங்கிறதுதான் காரணம். அப்புறம் 1987-ல் கொண்டு வந்த திருத்தம் மூலமா அது சட்டத்திலேயே ஏறிடுச்சு.

கடைசியா வாங்கின பேசிக்கும் டிஏவும் சேர்ந்து 18,200, சர்வீஸ் 6 வருஷம்னா:

18,200 ÷ 26 × 15 × 6 = 63,000 ரூபாய்.
30-ஆல் வகுத்திருந்தா 54,600 ரூபாய்.

8,400 ரூபாய் வித்தியாசம். லீவு பிடித்தத்தில் உங்களுக்குப் பாதகமா இருந்த அதே 26, இங்கே உங்க பக்கம் நிக்குது!

ரெண்டு விஷயம் கவனிங்க. ஒண்ணு, இது முழுசா நேர் விகிதம் இல்லை. 5 வருஷம் 7 மாசம் வேலை செஞ்சா 6 வருஷமாவே கணக்கு. 5 வருஷம் 5 மாசம்னா 5 வருஷம்தான். ஆறு மாசத்தைத் தாண்டினாத்தான் அடுத்த வருஷம் சேரும். ரிசைன் லெட்டர் தேதி போடுறதுக்கு முன்னாடி காலண்டரைப் பார்த்துக்கங்க. ரெண்டாவது, 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துடுச்சு. 15/26 அப்படியேதான் இருக்கு. ஆனா சில அலவன்ஸ்கள் மொத்தச் சம்பளத்தில் பாதிக்கு மேல போனா, மேல போற தொகையும் 'ஊதியத்தில்' சேரும். பேசிக்கைக் குறைச்சு அலவன்ஸை ஏத்தி வெச்சிருக்கிற கம்பெனியில் இருந்தா இது உங்களுக்கு முக்கியம்.

தீபாவளி போனஸும் நேர் விகிதம்தான். குறைந்தபட்சம் 8.33 சதவீதம். இந்த விநோதமான எண் எங்கிருந்து வந்துச்சுன்னா, 100-ஐ 12-ஆல் வகுத்துப் பாருங்க. வருஷத்துக்கு ஒரு மாசச் சம்பளம், அவ்வளவுதான். போனஸுக்கு எடுத்துக்கிற சம்பளம் மாசம் 12,000-னு வெச்சா, முழு வருஷத்துக்கு 11,995 ரூபாய். ஆகஸ்ட்டில் சேர்ந்து மார்ச் வரைக்கும் 8 மாசம்னா 7,997 ரூபாய். "முழு வருஷம் முடியலை, அதனால போனஸ் இல்லை"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. போனஸ் வரம்புக்குள்ள வர்ற சம்பளமா இருந்து, அந்தக் கணக்கு வருஷத்தில் 30 நாள் வேலை செஞ்சிருந்தாலே தகுதி உண்டு.

எதிர் விகிதம்: நூல் கவுண்ட்டும் எஸ்ஐபியும்

வெளியூர்க்காரங்களுக்கு எதிர் விகிதம் புரிய வைக்கிறது கஷ்டம். திருப்பூர்க்காரங்களுக்கு ஒரே வார்த்தை போதும்: கவுண்ட். ஒரு பவுண்டு பருத்தி நூலில் 840 கெஜ நீளச் சிட்டம் எத்தனை இருக்கோ, அதுதான் கவுண்ட். அதனால கவுண்ட் ஏற ஏற நூல் மெலியும். 20 கவுண்டில் 6 கிலோ நூல் எவ்வளவு நீளமோ, அதே நீளம் 30 கவுண்டில் 4 கிலோதான் வரும். 20 × 6 = 120. 30 × 4 = 120. பெருக்குத்தொகை மாறலை பாருங்க.

லைன்லயும் இதே கதைதான். 40 டெய்லர் 15 நாளில் முடிக்கிற ஆர்டரை 50 டெய்லர் 12 நாளில் முடிப்பாங்க. 40 × 15 = 600, 50 × 12 = 600. அப்போ 600 டெய்லர் போட்டா ஒரே நாளில் முடிஞ்சிடுமான்னு கேட்டா, எந்த மேனேஜரும் சிரிப்பார். அத்தனை மெஷின் வேணும், கட்டிங் முதல்ல வந்து சேரணும். மத்த எதுவும் தடையா இல்லாத வரைக்கும்தான் எதிர் விகிதம் உண்மை.

இப்ப உங்க எஸ்ஐபிக்கு வருவோம். மாசம் 3,000 ரூபாய் போடுறீங்க. என்ஏவி 50 ரூபாயா இருந்தா 60 யூனிட் கிடைக்கும். 40-க்கு இறங்கினா 75 யூனிட். 50 × 60 = 3,000, 40 × 75 = 3,000. சுத்தமான எதிர் விகிதம்.

ரெண்டு மாசத்தில் போட்டது 6,000, கையில் இருக்கிறது 135 யூனிட். ஒரு யூனிட் அடக்கவிலை 44.44 ரூபாய். ஆனா 50-க்கும் 40-க்கும் சராசரி 45 ஆச்சே? விலை குறைஞ்ச மாசம் யூனிட் அதிகமா சேர்ந்ததால அடக்கவிலை அந்தப் பக்கம் சாயுது. இதனால லாபம் நிச்சயம்னு அர்த்தம் இல்லை. மார்க்கெட் 38-க்கு இறங்கினா நஷ்டம்தான். ஆனா இறங்கின மாசத்தில் பயந்து எஸ்ஐபியை நிறுத்துறவங்க, அதிக யூனிட் கிடைக்கிற மாசத்தை விட்டுடறாங்கங்கிறதும் உண்மை.

எதிர் விகிதம் மாதிரியே இருக்கும், ஆனா இல்லை: இஎம்ஐ

"தவணைக் காலத்தை ரெண்டு மடங்காக்கினா இஎம்ஐ பாதியாயிடும்"னு நினைக்கிறவங்க நிறைய. போட்டுப் பார்ப்போம். கடன் 1 லட்சம், வருஷம் 12 சதவீதம், குறையும் பாக்கி மேல வட்டி.

- 12 மாசம்: இஎம்ஐ 8,885. மொத்த வட்டி சுமார் 6,619.
- 24 மாசம்: இஎம்ஐ 4,707. மொத்த வட்டி சுமார் 12,976.

பாதின்னா 4,442 தான் வந்திருக்கணும். அசலைப் பொறுத்தவரை எதிர் விகிதம் சரி. ஆனா காலம் கூடக்கூட வட்டியும் கூடுது. இஎம்ஐ முழுசா பாதிகூட ஆகலை, வட்டி மட்டும் கிட்டத்தட்ட ரெண்டு மடங்காயிடுச்சு. வண்டி ஷோரூமில் "இஎம்ஐ கம்மிதாங்க"ன்னு சொல்லும்போது, இஎம்ஐயை மாசத்தால பெருக்கி மொத்தம் எவ்வளவுன்னு அங்கேயே பாருங்க.

பங்கு பிரிக்கிறது: அந்த மூணு நண்பர்கள்

இப்ப அந்த 90,000 ரூபாய்க்கு வருவோம். மூணு பேருக்கும் விகிதம் தெரியும். எந்த விகிதம்ங்கிறதுதான் சண்டை.

அக்கவுண்ட்ஸ்காரர் சொன்னது: "போட்ட பணத்துக்குத்தான் பங்கு." 2 : 3 : 5. மொத்தம் 10 பங்கு, ஒரு பங்கு 9,000. அப்படின்னா 18,000, 27,000, 45,000.

மெர்ச்சண்டைசர் சொன்னது: "நீ ஆறு மாசம்தானே பணம் போட்டே? பணத்தை மாசத்தால பெருக்கு." 2 × 12 = 24, 3 × 12 = 36, 5 × 6 = 30. மொத்தம் 90 பங்கு, ஒரு பங்கு 1,000. அப்படின்னா 24,000, 36,000, 30,000. பள்ளிக்கூடப் புத்தகம் சொல்ற முறை இதுதான்.

குவாலிட்டிக்காரர் சொன்னது: "தினமும் ஷிப்ட் முடிஞ்சு ராத்திரி யூனிட்டைப் பார்த்துக்கிட்டது நான். சமமாவாவது கொடுங்க." ஆளுக்கு 30,000.

அவரவருக்கு எது அதிகமோ அதைத்தான் அவரவர் 'நியாயம்'னு கொண்டு வந்திருக்காங்க. மனுஷ இயல்பு.

சட்டம் என்ன சொல்லுது? 1932-ம் வருஷ இந்தியக் கூட்டாண்மைச் சட்டம், பிரிவு 13. பங்குதாரர்களுக்குள்ள வேற ஒப்பந்தம் இல்லைன்னா லாபம் சமமாத்தான் பிரியும். யார் எவ்வளவு போட்டாங்க, எத்தனை மாசம் போட்டாங்கன்னு பார்க்காது. நஷ்டம் வந்தாலும் சமம்தான். அதே பிரிவுப்படி, ஒப்பந்தம் இல்லாம யூனிட்டை நடத்தினதுக்குத் தனியா சம்பளமும் கேட்க முடியாது. ஒப்பந்தம் பத்திரமாத்தான் இருக்கணும்னு இல்லை, இதுவரைக்கும் நடந்துக்கிட்ட முறையில் இருந்தும் எடுத்துக்கலாம். ஆனா இவங்களுக்கு இது முதல் வருஷம். பேசினதுக்கோ எழுதினதுக்கோ எந்த ஆதாரமும் இல்லை.

ஆக, ஆளுக்கு 30,000. அக்கவுண்ட்ஸ்காரர் கணக்குப்படி அவருக்கு 15,000 ரூபாய் போச்சு. மெர்ச்சண்டைசருக்கு 6,000. குவாலிட்டிக்காரர் முகத்தில் சிரிப்பு. அவர்கிட்ட ஒண்ணு மட்டும் கேட்டேன்: "அடுத்த வருஷம் 3 லட்சம் நஷ்டம்னா?" பணத்தின் விகிதப்படி அவர் பங்கு 60,000. சமமா பிரிச்சா 1 லட்சம், அவர் போட்ட முதலில் பாதி. சிரிப்பு நின்னுடுச்சு.

அந்த வருஷ லாபத்தைச் சமமா பிரிச்சுக்கிட்டாங்க. அடுத்த வாரமே பத்திரம் எழுதினோம்: யூனிட்டைப் பார்த்துக்கிறவருக்கு முதல்ல மாசச் சம்பளம், மீதி லாபமும் நஷ்டமும் பணம் × மாசம் விகிதத்தில். ஃபர்ம் ரிஜிஸ்டர் பண்ணவும் சொன்னேன். பதிவு செய்யாத ஃபர்மில் ஒப்பந்தத்தை வெச்சு ஒருத்தர் மேல ஒருத்தர் கோர்ட்டுக்குப் போறது கஷ்டம். மூணு பேரும் இன்னும் சேர்ந்துதான் தொழில் பண்றாங்க.

நீங்க இன்னைக்குச் செய்ய வேண்டியது

1. சம்பள ஸ்லிப்பில் ஒரு நாள் சம்பளத்தை 26-ஆல் வகுக்கிறாங்களா, 30-ஆலான்னு பாருங்க.
2. வேலை மாறப் போறீங்கன்னா, சர்வீஸ் வருஷத்தோட மாசத்தையும் எண்ணுங்க.
3. கடன் வாங்கும்போது இஎம்ஐயைப் பார்க்காதீங்க. இஎம்ஐ × மாசம் பாருங்க.
4. நண்பர்களோட சேர்ந்து 50,000 ரூபாய் போட்டாலும் சரி, எந்த விகிதத்தில் பிரிக்கிறதுன்னு லாபம் வர்றதுக்கு முன்னாடியே எழுதி வெச்சுக்கங்க. பணம் கைக்கு வந்தப்புறம் எல்லாருக்கும் கணக்கு நல்லாவே வரும், ஆனா விடை மட்டும் ஒத்துப்போகாது.

இந்தக் கணக்குகளை எல்லாம் போர்டில் போட்டுக் காட்டின வீடியோ நம்ம சேனலில் இருக்கு. உங்க சம்பளத்தை வெச்சு ஒரு தடவை நீங்களே போட்டுப் பாருங்க, எங்கே இடிக்குதுன்னு கமெண்டில் எழுதுங்க. அடுத்த பதிவில் சந்திப்போம்!