5 வருஷம் சாரத்துக்குள் மறைந்திருந்த பாரிஸ் மாதா கோவில்! கதவு திறந்தது எப்படி?

கோவை பெரியகடை வீதியில் நிற்கிற புனித மைக்கேல் பேராலயத்தைக் கட்ட ஆரம்பித்தவர் பிஷப் பிரெசியாக் என்ற பிரெஞ்சுக்காரர். பாரிசில் உள்ள மறைபரப்பு சபையில் சேர்ந்து, 1842-ல் கப்பல் ஏறி வந்தவர். கருமத்தம்பட்டியில் பிஷப் பட்டம் பெற்றது 1846-ல்.

அவர் விட்டு வந்த பாரிஸ் நகரின் பெரிய மாதா கோவில்தான் நோட்ரே டாம். 1163-ல் கட்டத் தொடங்கிய கோவில். அது எரிந்து, மூடி, மறுபடி திறந்த கதை நம்ம ஊர் மேஸ்திரியும் ஆசாரியும் கேட்க வேண்டிய கதை.

தப்பான மாடி

2019-ம் ஆண்டு ஏப்ரல் 15-ந் தேதி, மாலை 6.20 மணி சுமாருக்கு அபாய மணி அடித்தது. காவலாளி ஓடினார். ஆனால் போன இடம் தப்பு! தீப்பிடித்தது பெரிய கூரையில். அவர் ஏறிப் பார்த்தது பக்கத்துக் கட்டடத்தின் மேல்மாடி. சரியான இடம் தெரிவதற்குள் கிட்டத்தட்ட அரை மணி நேரம் போய்விட்டது.

அதற்குள் கூரை குபுகுபுவென்று பற்றிக்கொண்டது. 800 வருஷத்து ஓக் மர உத்தரங்கள். காட்டையே தூக்கி வைத்த மாதிரி இருக்கும் என்பதால் அதற்குப் பெயரே "காடு". இரவு 8 மணி அடிப்பதற்குள் 96 மீட்டர் உயரக் கோபுர ஊசி ஒடிந்து விழுந்தது.

அதிர்ஷ்டமும் இருந்தது. ஊசியைச் சுற்றி இருந்த 16 செப்புச் சிலைகளைப் பழுது பார்ப்பதற்காக 4 நாள் முன்னால்தான் இறக்கி இருந்தார்கள்!

முடிச்சுப் போட்ட இரும்பு

மறுநாளே ஜனாதிபதி மக்ரோன், "5 ஆண்டில் கட்டி முடிப்போம்" என்றார். யாரும் நம்பவில்லை. நம்ம ஊரில் சாக்கடைக்குக் குழி தோண்டினாலே கெடு எத்தனை தடவை தள்ளிப் போகிறது!

முதல் தலைவலி பழைய சாரம். தீப்பிடிக்கும் முன்பே கட்டியிருந்த இரும்புச் சாரம் உருகி முறுக்கிக்கொண்டு கோவில் மேலேயே கிடந்தது. இழுத்தால் சுவர் விழும். தொழிலாளிகள் கயிற்றில் தொங்கியபடி துண்டு துண்டாக அறுத்தார்கள். 2020 ஜூனில் ஆரம்பித்த இந்த வேலை நவம்பரில்தான் முடிந்தது.

கூரையைக் கண்ணாடியில் போடலாம் என்றெல்லாம் யோசனை வந்தது. கடைசியில், இருந்தது இருந்தபடியே கட்டுவது என்று முடிவானது. சுமார் 2 ஆயிரம் ஓக் மரங்கள் வெட்டப்பட்டன. உத்தரங்களை மிஷினில் அறுத்திருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும். ஆனால் தச்சர்கள் கோடாலியாலேயே செதுக்கினார்கள். அதற்கென்றே பழங்கால மாதிரியில் கொல்லர்கள் கோடாலி அடித்துக் கொடுத்தார்கள். கை மறந்துபோக இருந்த தொழில் மறுபடி கைக்கு வந்தது.

பணத்துக்குக் குறைவில்லை. 150 நாடுகளில் இருந்து 3 லட்சத்து 40 ஆயிரம் பேர் கொடுத்தது 84 கோடியே 60 லட்சம் யூரோ. 2024 நிலவரப்படி நம்ம பணத்தில் சுமார் ஏழாயிரத்து ஐநூறு கோடி ரூபாய்.

வேலையை நடத்தியவர் ஓய்வு பெற்ற ராணுவத் தளபதி ஜார்ஜலின். கெடுவுக்கு நாள் எண்ணி எண்ணி வேலை வாங்கியவர். 2023 ஆகஸ்டில் மலையில் நடைப்பயணம் போன இடத்தில் இறந்துவிட்டார். கோவில் திறந்ததை அவர் பார்க்கவில்லை.

மூன்று தட்டு

2024 டிசம்பர் 7-ந் தேதி பேராயர் தன் செங்கோலால் கதவை மூன்று முறை தட்டினார். கதவு திறந்தது. பல தலைமுறைப் புகையும் தூசியும் போய்க் கற்சுவர் வெளுப்பாக மின்னியது. தீயணைப்பு வீரர்கள் உள்ளே வந்தபோது கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது.

வெளிச்சுவர் வேலை மட்டும் இன்னும் பாக்கி இருந்தது.

புது ஊசியின் உச்சியில் தங்க நிறச் சேவல் ஒன்று நிற்கிறது. பழைய சேவல் இடிபாட்டில் நசுங்கிக் கிடைத்ததால் புதிதாகச் செய்தது. அதன் வயிற்றுக்குள் ஒரு குழாயை வைத்து மூடி இருக்கிறார்கள். குழாய்க்குள் இருப்பது, கோவிலை மீட்க உழைத்த சுமார் 2 ஆயிரம் பேரின் பெயர்ப் பட்டியல்.