மனவடுவும் மேய்ப்புப் பணியும்

வன்முறையால் உள்ளத்தில் நிலைத்துவிடும் காயத்தை ஈழத்துத் தமிழர் 'மனவடு' என்பர். புண் ஆறிய பின்னும் தழும்பு நிற்பதுபோல, கொடிய நிகழ்ச்சி முடிந்த பின்னும் அதன் அச்சம் நின்றுவிடுகிறது. இப்பெயரிலேயே தமிழில் ஒரு கைந்நூல் எழுதியவர், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மனநல மருத்துவப் பேராசிரியராயிருந்த தயா சோமசுந்தரம். பனியன் தொழிலை நாடிப் பல மாநில மக்கள் வந்து வாழும் திருப்பூர்ப் பகுதியில் ஊழியம் செய்வோர்க்கும் அவருடைய பணி வழிகாட்டத்தக்கது.

போர்க்காலத்தில் வடஇலங்கையில் பணிபுரிந்த மிகச் சில மனநல மருத்துவருள் அவர் ஒருவர். ராஜினி திராணகம, ராஜன் ஹூல், கோ. ஸ்ரீதரன் ஆகியோருடன் 'முறிந்த பனை' என்னும் நூலை எழுதினார்; எல்லாத் தரப்பினரின் வன்முறையையும் அந்நூல் பதிவு செய்தது. ராஜினி 1989 செப்டம்பர் 21 அன்று யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

சோமசுந்தரத்தின் ஆங்கில நூல்கள் இரண்டின் தலைப்புகளைத் தமிழில் கூறின், 1998இல் வெளிவந்தது 'வடுப்பட்ட உள்ளங்கள்'. 2014இல் வெளிவந்தது 'வடுப்பட்ட சமூகங்கள்'. அவருடைய சிந்தனை சென்ற திசையை இவை காட்டுகின்றன. மேனாட்டு மருத்துவம் தனிமனிதனின் நோய்க்குறிகளையே பெரிதும் நோக்கியது. ஆனால் நம் மக்கள் குடும்பத்தோடும் ஊரோடும் பிணைந்து வாழ்பவர்கள். ஆகவே போர் சமூகத்தையே காயப்படுத்தியது என்றும், ஐயம், மௌனம், பிறரைச் சார்ந்தே வாழ்தல், நெறிகளின் தளர்வு ஆகியவை அக்காயத்தின் அடையாளங்கள் என்றும் அவர் விளக்கினார்.

குணமாக்கும் வழியும் அதற்கேற்ப அமைந்தது. மருத்துவர் போதாமையால் ஆசிரியர்களுக்கும் சமூகப் பணியாளர்களுக்கும் பயிற்சி அளிக்கப்பட்டது. மூச்சுப் பயிற்சி, தளர்வுப் பயிற்சி ஆகியவற்றோடு, ஒரு சொல்லைத் திரும்பத் திரும்ப உச்சரித்து மனத்தை அமைதிப்படுத்தும் முறையும் கையாளப்பட்டது. அச்சொல்லை அவரவர் சமயத்திலிருந்தே எடுத்துக்கொள்ளுமாறு இந்து, கிறிஸ்தவர், இஸ்லாமியர், பௌத்தர் ஆகிய ஒவ்வொருவருக்கும் வழி காட்டப்பட்டது. பண்பாட்டு வேறுபாட்டை அவர் சிகிச்சைக்குத் தடையாகக் கருதவில்லை, அதையே கருவியாக்கிக்கொண்டார்.

திருப்பூரில் நிகழ்வது போரன்று. ஆயினும் ஐயமும் மௌனமும் இங்கும் உண்டு. 2023 மார்ச்சில், பீகார்த் தொழிலாளர் தமிழ்நாட்டில் தாக்கப்படுகின்றனர் எனப் பொய்யான காணொளிகள் பரவின. அச்சமுற்ற பலர் ஊர் திரும்பினர். காவல்துறை மறுப்பு வெளியிட்டு, தொழிலாளரை நேரில் கண்டு ஆறுதல் கூறியது. பீகார் அரசின் குழுவும் திருப்பூருக்கு வந்து விசாரித்தது. செய்தி பொய்யாயினும் அச்சம் மெய்யே. அவர்களுடைய மொழியில் பேசக்கூடிய, முன்பே பழகிய அண்டை வீட்டார் இருந்திருப்பின் வதந்திக்கு அத்துணை வலிமை இராது.

ஆகவே போதகர் கருத வேண்டுவன மூன்று. முதலாவது, ஆலைவிடுதியில் தங்கி வேலை செய்யும் பெண்ணின் மௌனத்தை அமைதியென்று எண்ணலாகாது. தலைவலி, தூக்கமின்மை, காரணமறியாத சோர்வு எனத் துன்பம் உடலின் வழியே பேசக்கூடும். இரண்டாவது, நடந்ததைச் சொல்லும்படி வற்புறுத்தலாகாது. உடனே மன்னிக்கும்படி அறிவுறுத்துவதும் தகாது. முதலில் வேண்டுவது பாதுகாப்பு; மருத்துவமும் சட்ட உதவியும் தேவைப்படின் அவற்றுக்கு வழிசெய்வதும் மேய்ப்புப் பணியே. மூன்றாவது, ஒடியாவோ இந்தியோ பேசும் சபையார் சிலரையேனும் செவிகொடுக்கும் பணிக்குப் பயிற்றுவித்தல் வேண்டும். துயருற்றவர் தம் தாய்மொழியில் அழுவதற்கு இடமிருத்தலே ஆறுதலின் தொடக்கம்.